லாத்தூரோட ரெண்டாவது வைன்: ஃப்ரிட்ஜ் மேல நிக்குற அந்த பாட்டில என்ன பண்றது?

நீங்க கேட்டது இதுதான்: துலூஸ்ல வேலை பாக்குறீங்க, ரிட்டயர் ஆன உங்க மேனேஜர் போகும்போது லே ஃபோர் து லாத்தூர் 2011 (போர்தோ பக்கம் இருக்குற லாத்தூர்ன்ற பெரிய வைன் வீட்டோட ரெண்டாவது வைன், 2011 அறுவடை) ஒரு பாட்டில் கையில குடுத்துட்டு போயிட்டார், நெட்ல தேடுனா 200 யூரோவ ஒட்டி விலை காட்டுது, ஆனா ஆஃபீஸ்ல ஒருத்தர் "அது லாத்தூர் இல்லப்பா, அதோட செகண்ட்ஸ்"னு சொல்லி மனச கெடுத்துட்டார். நல்ல வைனா, எப்படி ருசி பாத்து தெரிஞ்சுக்கிறது, இப்பவே குடிக்கலாமா வைக்கணுமா, மட்டன் பிரியாணியோட போகுமான்னு நாலு கேள்வி போட்டிருக்கீங்க. நாலையும் சேத்து படிச்சா உள்ள ஒரே கேள்விதான் தெரியுது எனக்கு: லேபிள்ல இருக்குற பேர நம்புறதா, என் நாக்க நம்புறதா, என் நாக்குக்கு அந்த அளவுக்கு விவரம் இருக்கா? இருக்கு. எப்படின்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், அப்போதான் நான் சொல்றதுல எத எவ்ளோ எடுத்துக்கணும்னு உங்களுக்கு தெரியும். பாரிஸ்ல 14 வருஷமா ரெஸ்டாரண்ட் வேலை, முதல் மூணு வருஷம் கிளாஸ் கழுவுனேன், அப்புறம் டபிள்யூ.எஸ்.இ.டின்ற வைன் கோர்ஸ் மூணாவது லெவல் முடிச்சுட்டு வைன் பக்கம் வந்தேன். லாத்தூர் மாதிரி பெரிய வைன் வீட்டு பாட்டில் என் காசுல ஒண்ணு கூட வாங்குனதில்ல. கஸ்டமர் ஊத்த சொல்லும்போது செக் பண்றதுக்கு எடுக்குற அந்த ஒரு வாய், அப்புறம் அவங்க விட்டுட்டு போற அடிமிச்சம், இதுதான் என் படிப்பு. லே ஃபோர் ஏழெட்டு தடவ நாக்குல பட்டிருக்கு, அதுல 2011 ரெண்டே ரெண்டு தடவ.

இப்போ அந்த "செகண்ட்ஸ்" விஷயம். திருப்பூர் எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ் பனியன் மாதிரி, தையல் பிரிஞ்சத தள்ளி விக்கிறாங்கன்னு உங்க ஆபீஸ்காரர் நெனச்சுட்டார் போல. அப்படி இல்ல. போர்தோல பெரிய ஷத்தோக்கள் (வைன் வீடுங்க) எல்லாம் அறுவடை முடிஞ்சு ஒவ்வொரு துண்டு நிலத்து வைனையும் தனித்தனியா வச்சு, அப்புறம் ருசி பாத்து கலப்பாங்க. அந்த வீட்டு பேர தாங்குற முதல் வைனுக்குள்ள எது போகணும்னு முடிவு பண்ணிட்டு, அதுல சேராத நல்ல சரக்குக்கு வேற ஒரு பேர், வேற லேபிள். அதுதான் ரெண்டாவது வைன். இன்னொரு குழப்பமும் இங்க வரும், நானே ஆரம்பத்துல மாட்டிக்கிட்டேன்: "ரெண்டாம் தர க்ரூ"ன்னு ஒண்ணு இருக்கு, அது 1855ல பாரிஸ் கண்காட்சிக்காக போட்ட வரிசையில ரெண்டாவது படி, தூக்ரு-போகயூ, லெயோவில் லாஸ் காஸ் மாதிரி வீடுங்க. அது வேற, ரெண்டாவது வைன் வேற. லாத்தூர் அந்த வரிசையில முதல் படியில இருக்குற வீடு, உங்க கையில இருக்குறது அந்த முதல் படி வீட்டோட ரெண்டாவது பிள்ளை.

அந்த பிள்ளைக்கும் தனி நிலம் இருக்கு, இதுதான் பல பேருக்கு தெரியாது. லாத்தூரோட நெஞ்சுப்பகுதி, லான்க்ளோன்னு சொல்ற 47 ஹெக்டேர், ஷத்தோவ சுத்தி ஜிரோந்த் ஆத்த பாத்துக்கிட்டு கிடக்கும். முதல் வைன் அங்கேருந்துதான். லே ஃபோர்ன்ற பேர்ல முதல் தடவ வந்தது 1966 அறுவடை. அதுக்கு அந்த 47 ஹெக்டேருக்கு வெளிய, பெத்தி பத்தாயே மாதிரி கொஞ்சம் உள்ள தள்ளி இருக்குற அவங்க சொந்த துண்டு நிலங்கள்ல இருந்து திராட்சை வரும், கூடவே லான்க்ளோ உள்ள இருக்குற இளங்கொடியோட திராட்சையும் சேரும். அங்க ஒரு பழக்கம் இருக்கு, செத்துப்போன கொடிய மொத்தமா தோட்டத்தோட பிடுங்காம ஒவ்வொண்ணா மாத்தி நடுவாங்க, அறுவடை வந்தா இளசுகள முதல்ல தனியா பறிச்சு எடுத்துட்டு அப்புறம்தான் கெழடுகள தொடுவாங்க. லே ஃபோருக்கும் சேராததுக்கு மூணாவதா ஒரு வைனும் இருக்கு, பேரு வெறும் "போயாக்", அது அந்த ஊர் பேரு. ஆக கழிச்சுக் கட்டுறதுக்கு அதுக்கு கீழயே இன்னொரு படி வச்சிருக்காங்க, லே ஃபோர அந்த கணக்குல சேக்காதீங்க. அப்புறம் உங்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம், அந்த நிலத்துல கெடக்குற கூழாங்கல்லு பெரும்பாலும் பிரனே மலையில இருந்து கரோன் ஆறு உருட்டிக்கிட்டு வந்ததுதான். உங்க ஆபீஸ் பக்கத்துல ஓடுதே, அதே கரோன். தண்ணி நிக்காம வடியும், பகல் சூட்ட பிடிச்சு வைக்கும், கபர்னே சொவிஞ்ஞோன் மாதிரி நிதானமா பழுக்குற திராட்சைக்கு அதுதான் வேணும்.

கலவையும் கொஞ்சம் வேற. முதல் வைன்ல கபர்னே பல வருஷம் 90 சதவீதத்த தாண்டிடும், லே ஃபோர்ல கபர்னே தான் பெரும்பங்குன்னாலும் மெர்லோன்ற திராட்சை கூடுதலா இருக்கும், அதனால கொஞ்சம் முன்னாடியே இளகி குடிக்க வந்துடும். புது ஓக் பீப்பாயும் முதல் வைனுக்கு முழுசா, இதுக்கு பாதிய ஒட்டி.

விலைய வச்சு எடை போடாதீங்கன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு உதாரணம். லாத்தூர் மாதிரியே முதல் படியில இருக்குற வீடு லாஃபீத், அதோட ரெண்டாவது வைன் கர்ருவாத். 2008ல இருந்து 2011 வரைக்கும் சீனாவுல லாஃபீத் பேர் இருந்தா போதும்னு வாங்குனாங்க, லாஃபீத் வீட்டுக்காரங்களே 2008 பாட்டில்ல சீன எழுத்துல 8னு போட்டாங்கன்னா பாத்துக்கோங்க, கர்ருவாத் விலை கண்ணுமண்ணு தெரியாம ஏறுச்சு, அப்புறம் எறங்குச்சு. அந்த ஏத்த எறக்கத்துல பாட்டிலுக்குள்ள இருந்த வைன் ஒரு சொட்டு கூட மாறல. அப்புறம் மூத்தோன்னு இன்னொரு பெரிய வீடு, அந்த பேர் போட்ட மூத்தோன் காதேய பாத்துட்டு இதான் மூத்தோனோட ரெண்டாவது வைன்னு வாங்கி ஏமாறுறவங்களும் உண்டு, அது 1930ல இருந்து வர்ற பிராண்ட் வைன், ஷத்தோ நிலத்து சரக்கு கிடையாது. மூத்தோனோட ரெண்டாவது வைன் பேர் லே பெத்தி மூத்தோன்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். குடிக்கப் போற நாளுக்கு முந்தின நாளே நிமித்தி வச்சிடுங்க, பத்து வருஷம் தாண்டுன வைன்ல அடியில கசடு இருக்கும், படுக்க வச்சு எடுத்து அப்படியே ஊத்துனா கிளாஸ் பூரா கலங்கி கசப்பு ஏறும். ரூம் டெம்பரேச்சர்னு சொல்றாங்களே, அது ஹீட்டர் இல்லாத காலத்து ரூம், 16ல இருந்து 18 டிகிரி. துலூஸ் கோடையில உங்க வீட்டு ஹால் 28 இருக்கும், அந்த சூட்டுல ஊத்துனா ஆல்கஹால் மட்டும்தான் மூக்குல ஏறும், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுங்க. கார்க்க மெதுவா எடுங்க, பழைய கார்க் ஒடையும், ஒடஞ்சா பதறாதீங்க, வடிகட்டிக்கலாம்.

முதல்ல ஒரு விரல் அளவு மட்டும் ஊத்தி, சுத்தாம, அப்படியே மோந்து பாருங்க. இந்த மொத மோப்பத்துல நல்லது எதையும் தேட வேண்டாம், கெட்டுப் போயிருக்கான்னு மட்டும் பாருங்க. மழையில நனஞ்சு காஞ்ச அட்டப்பெட்டி வாசனை, பூட்டி வச்ச ஸ்டோர் ரூம் வாசனை வந்தா கார்க்ல இருந்து வர்ற டிசிஏன்ற வஸ்து, ஒரு லிட்டருக்கு சில நானோகிராம் போதும் வைன கெடுக்க. அது காத்துல போகாது, நேரம் ஆக ஆக இன்னும் தூக்கலா தெரியும். ரொம்ப கொஞ்சமா இருந்தா வாசனையே தெரியாம பழத்த மட்டும் அமுக்கிடும், இதுதான் மோசம், வைன் நல்லா இல்லன்னு தோணுமே தவிர ஏன்னு பிடிபடாது. நெயில் பாலிஷ் வாசனை தூக்கலா வந்தா அது வேற கோளாறு. கொதிக்க வச்ச திராட்சை ஜாம், புளிச்ச கிஸ்மிஸ் மாதிரி வந்தா பாட்டில் சூட்டுல வெந்திருக்கு.

ஒரு தடவ ஒரு டேபிளுக்கு பெரிய வீட்டு பாட்டில் ஒண்ணு, பேர் வேண்டாம். எங்க இடத்துல புதுசா சேந்த பையன் திறந்து, செக் பண்ணாம ஊத்திட்டான். மூணு பேரும் லேபிள பாத்துட்டு, கண்ண மூடி, தலையாட்டி, பிரமாதம்னு சொல்லிட்டாங்க. நான் காலி கிளாஸ எடுக்கப் போனேன், அதுலேருந்து நனஞ்ச அட்டப்பெட்டி வாசனை. மூணு பேரும் பொய் சொல்லல, லேபிள் அவங்களுக்கு பதிலா ருசி பாத்துச்சு, அவ்ளோதான். இது கஸ்டமருக்கு மட்டும் வர்ற வியாதி இல்ல. போர்தோ யூனிவர்சிட்டில பிரோஷேன்ற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 54 வைன் படிப்பு மாணவர்களுக்கு வெள்ளை வைன்ல வாசனை இல்லாத செவப்பு கலர் கலந்து குடுத்தாங்க, 2001ல வெளிவந்த ஆராய்ச்சி, பசங்க செவப்பு வைனுக்கு சொல்ற வார்த்தையையே வரிசையா எழுதி வச்சாங்க. அதனால ஒண்ணு பண்ணுங்க, பக்கத்து கடையில 15ல இருந்து 20 யூரோவுக்குள்ள ஒரு ஓ-மெதோக் (போயாக்க சுத்தி இருக்குற பகுதியோட வைன்) வாங்குங்க, வீட்ல யாரையாவது விட்டு ரெண்டையும் உங்களுக்கு தெரியாம ஒரே மாதிரி கிளாஸ்ல ஊத்த சொல்லுங்க. ஒரு வைன தனியா எடை போடுறது எனக்கே கஷ்டம், பக்கத்துல இன்னொண்ணு இருந்தா நாக்கு தானா பேசும்.

இப்போ கிளாஸ வெள்ளை பேப்பர் மேல சாய்ச்சு பாருங்க. நடுவுல இன்னும் அடர்த்தியா, ஓரம் கத்திரிப்பூ நிறம் போய் செங்கல் நிறம் லேசா எட்டிப் பாத்தா வயசுக்கு ஏத்த நிறம். மொத்தமும் பழுப்பு டீ மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. அப்புறம் சுத்தி மோந்து பாருங்க. புக்குல எல்லாம் கசீஸ், கசீஸ்னு (பிளாக்கரன்ட்) எழுதியிருக்கும், நம்ம ஊர்ல வளந்தவனுக்கு அந்த பழம் என்னன்னே தெரியாது, எனக்கும் தெரியல. உங்க சூப்பர்மார்க்கெட்ல கசீஸ் சிரப் நாலஞ்சு யூரோவுக்கு கிடைக்கும், வாங்கி ஒரு வாரம் மோந்து பாத்து வச்சுக்கோங்க, அதுக்கப்புறம் கபர்னேல அது தானா தெரியும். சீடர் மரம்னு எழுதியிருப்பான், அது வேற ஒண்ணும் இல்ல, பென்சில சீவுனதும் ஷார்ப்னர்ல இருந்து வருமே அந்த வாசனை. போயாக் வைன்ல அந்த பென்சில் வாசனை எனக்கு எப்பவும் மொதல்ல வரும். வயசான வைன்னா புகையிலை, காஞ்ச இலை, மழை ஆரம்பிச்ச உடனே வர்ற மண்வாசனை. இதெல்லாம் வரலன்னா உங்க மூக்கு மட்டம்னு அர்த்தம் இல்ல, உங்களுக்கு என்ன ஞாபகம் வருதோ அத எழுதி வைங்க.

வாய்க்கு வருவோம், எடை போடுறது உண்மையில இங்கதான். நமக்கு ஒரு சௌகரியம் இருக்கு. வெள்ளக்காரன் டேனின்னா என்னன்னு கிளாஸ் எடுத்து புரிய வைக்கிறான், நமக்கு துவர்ப்புன்னு அறுசுவையிலேயே ஒண்ணு ரெடியா இருக்கு. வாழைப்பூ, நெல்லிக்கா, கடுக்கா, மாதுளந்தோல் எல்லாம் துவர்ப்புதான், ஆனா நாலும் ஒரே துவர்ப்பா? நெல்லிக்கா துவர்த்து, கடைசில தண்ணி குடிச்சா இனிக்கும். மாதுளந்தோல் வாய வறட்டி விட்டுடும், அதோட முடிஞ்சுது. நல்ல வைனோட துவர்ப்பு நெல்லிக்கா பக்கம், சுமாரான வைனோட துவர்ப்பு மாதுளந்தோல் பக்கம். அளவு முக்கியம் இல்ல, ரகம் முக்கியம். ஈறுல சொரசொரன்னு மணல் மாதிரி உரசுதா, இல்ல சுண்ணாம்பு மாதிரி நைசா படியுதான்னு பாருங்க.

ரெண்டாவது, நடு வாய். பல ரெண்டாவது வைன்கள் தோக்குற இடம் இதுதான். வாய்க்குள்ள போனதும் பழம் நல்லா வரும், முடிவுல துவர்ப்பு வரும், நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், டோனட் மாதிரி. இளங்கொடி வைனோட குணம் அது. நான் குடிச்ச வரைக்கும் லே ஃபோர்ல அந்த பள்ளம் ரொம்ப கம்மி, அதனாலதான் இத மத்த பல ரெண்டாவது வைன்களுக்கு மேல வைப்பேன், மார்கோன்ற வீட்டோட ரெண்டாவது வைன் பவியோன் ரூழ மட்டும் இதுக்கு சமமா சொல்வேன், அது இன்னும் மென்மை. இது என் நாக்கோட தீர்ப்பு, சட்டம் இல்ல.

மூணாவது நீளம். முழுங்குன பிறகு (நாலு வைன் பாக்குற நாள்னா துப்புங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல) ருசி எவ்ளோ நேரம் நிக்குதுன்னு எண்ணுங்க. பிரெஞ்சுக்காரன் இதுக்கு ஒரு அளவே வச்சிருக்கான், ஒரு செகண்டுக்கு ஒரு கோடலி. மொத தடவ வாத்தியார் "இந்த வைன் பன்னெண்டு கோடலி"ன்னு சொன்னப்போ நான் விறகு வெட்டுற கோடாலின்னு நெனச்சு சிரிச்சு திட்டு வாங்குனேன். எண்ணும்போது ஒரு எச்சரிக்கை, துவர்ப்பு நிக்குறது கணக்குல வராது, பழமும் வாசனையும் நிக்குறததான் எண்ணணும்.

முதல் வைனுக்கும் இதுக்கும் உண்மையில என்ன வித்தியாசம்னு கேட்டா, ஒரு ராத்திரி சொல்றேன். ஒரு பெரிய பார்ட்டி ரெண்டையும் ஒரே 2004 அறுவடையில ஆர்டர் பண்ணி, ரெண்டுலயும் அடியில ரெண்டு விரல் விட்டுட்டு போனாங்க. எங்க கிச்சன்ல யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர், 20 வருஷமா கறி வெட்டுறவர், வைன் பேர் எதுவும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் விருப்பம் இல்ல. எது எதுன்னு சொல்லாம ரெண்டு கிளாஸ் குடுத்தேன். லே ஃபோர குடிச்சிட்டு, "தம்பி, இது நாவற்பழம் திண்ட மாதிரி நாக்கைப் பிடிக்குது, நல்லாத்தான் இருக்கு"ன்னார். அடுத்தத குடிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசல, வெங்காயம் ரெண்டு வெட்டுனார், அப்புறம், "இது தொண்டைக்குள்ள போன பிறகும் கதைச்சுக்கொண்டு இருக்கு"ன்னார். நான் கோர்ஸ்ல நாலு பக்கம் எழுதுன விஷயம் அவ்ளோதான். ருசியோட திசை ஒண்ணுதான், நேரம்தான் வேற. அந்த கூடுதல் நேரத்துக்குதான் பொதுவா மூணு மடங்கு வரைக்கும் விலை. அது நியாயமான்னு கேட்டா, எனக்கு இல்ல, வாங்குறவனுக்கு இருக்கலாம்.

2011 பத்தி. அந்த வருஷம் போர்தோல வசந்தம் கோடை மாதிரி காஞ்சு போச்சு, ஜூன் கடைசில ரெண்டு நாள் வெயில் திராட்சைய கருக்குச்சு, அப்புறம் ஜூலை குளுந்து போச்சு, எல்லாம் தலைகீழ். 2009, 2010னு ரெண்டு பெரிய வருஷம் அடுத்தடுத்து வந்துட்டு போனதால பாவம் 2011ஐ யாரும் திரும்பி பாக்கல. தோல் தடிச்ச சின்ன திராட்சை, அதனால துவர்ப்பு கொஞ்சம் முறுக்கா இருக்கும். நான் குடிச்ச ரெண்டு பாட்டில்ல முதல்ல குடிச்சது இறுக்கமா, கைய கட்டிக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு, மூணு வருஷம் கழிச்சு குடிச்சது இளகியிருந்துச்சு, பென்சில் வாசனை நல்லா, பழம் 2009 அளவுக்கு இல்ல. இப்போ திறக்கலாம்னுதான் சொல்வேன், டீகாண்டர்ல (வைன காத்தாட விடுற கண்ணாடி ஜாடி) ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க. நல்ல நிலவறையில இருந்த பாட்டில்னா இன்னும் சில வருஷம் தாங்கும்.

ஆனா உங்க பாட்டில் எங்க இருந்துச்சு? இதுதான் நான் உறுதியா சொல்ல முடியாத இடம். லாத்தூர் வைன் பீப்பாயில இருக்கும்போதே முன்கூட்டி விக்கிற அன் ப்ரிமேர் முறையில கடைசியா வித்தது இந்த 2011 அறுவடையத்தான், 2012லேருந்து வைன அவங்க நிலவறையிலேயே வச்சு, பக்குவம் வந்ததும்தான் வெளிய விடறாங்க. அதனால உங்க பாட்டில் பல வருஷம் முன்னாடியே வெளிய வந்து வியாபாரி, கடை, மேனேஜர் வீடுன்னு ஊர் சுத்தியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. மேனேஜர் நிலவறை வச்சிருந்தாரா, எப்போ எங்க வாங்குனார்னு ஒரு ஃபோன் போட்டு நன்றி சொல்ற சாக்குல கேளுங்க. வித்துடலாமான்னும் கடைசில லேசா கேட்டிருந்தீங்க, ஒத்த பாட்டில், பில் இல்ல, கமிஷன் போக கையில நிக்கிறது நெட்ல பாத்த விலை இல்ல, விட்டுடுங்க.

பிரியாணி வேண்டாம். மொளகா காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் ரெண்டு மடங்கா காட்டும், 200 யூரோ வைன் கடுக்கா கஷாயம் ஆயிடும், நான் வீட்ல ஒரு சாதா மெதோக்ல சுக்கா வறுவலோட சோதிச்சு பாத்து அழுதிருக்கேன். அந்த ஊர்லயே பேர் போன ஆட்டுக்குட்டி இருக்கு, போயாக் குட்டின்னே கசாப்பு கடையில கேளுங்க, தொடைய உப்பு, பூண்டு, கொஞ்சூண்டு மிளகு மட்டும் போட்டு ஓவன்ல வைங்க, உள்ள ரோஸ் நிறம் இருக்கும்போதே எடுங்க. கறியோட புரதமும் கொழுப்பும் அந்த துவர்ப்ப தணிக்கும், அப்போ பழம் மேல வரும். பிரியாணிய மறுநாள் பீரோட வச்சுக்கோங்க.

அப்புறம் பாட்டில்ல ஒரு கால் கிளாஸ் மிச்சம் வச்சு கார்க்க போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் சாயங்காலம் எடுத்து, ஜில்லுன்னு இருக்குறது போனதும் குடிச்சு பாருங்க. பழம் இன்னும் நின்னா அந்த வைன்ல சத்து மிச்சம் இருந்துச்சுன்னு அர்த்தம், நீங்க இன்னும் சில வருஷம் பொறுத்திருக்கலாம். புளிப்பும் மரக்கட்டை வாசனையும் மட்டும் மிஞ்சுனா சரியான நேரத்துலதான் திறந்திருக்கீங்க.

திறக்கிறதுக்கு முன்னாடி பாட்டில் கழுத்த வெளிச்சத்துக்கு எதிரா ஒரு ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க. வைன் கழுத்துக்குள்ள நின்னா கவலையில்ல, தோளுக்கு எறங்கியிருந்தா, இல்ல கார்க் மேல தள்ளிக்கிட்டு ஓரத்துல பிசுபிசுன்னு இருந்தா வேற மாதிரி பேசணும். அது வரைக்கும் மொதல்ல அத ஃப்ரிட்ஜ் மேல இருந்து எறக்குங்க, அந்த மோட்டார் சூடும் அதிர்வும் அதுக்கு ஆகவே ஆகாது. பெட்ரூம் அலமாரியில கீழ்த்தட்டு, துணிக்கு பின்னாடி, படுக்க வச்சு.